ஒன்று புள்ளி எட்டு வோல்ட்

அம்மா பயந்த சுபாவம் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கேஸ் அடுப்பை அணைத்த பிறகு மூன்று முறை திருகிப் பார்ப்பாள். பேருந்தில் கதவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவாள். புது இடத்தில் தங்கப் போனால் கட்டிலைப் பார்ப்பதற்கு முன்பே மாடிப்படி எங்கே இருக்கிறது என்று கேட்பாள்.

"உங்கம்மா நிழலைப் பாத்தெல்லாம் பயப்பட மாட்டா. நிழல் இல்லேன்னாதான் பயப்படுவா, எங்க போய்த் தொலைஞ்சுதோன்னு" என்பார் அப்பா.

நாங்கள் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அடுப்பைத் திருகிப் பார்ப்பாள்.

மருந்து பாட்டில் செய்யும் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். உலையின் சூட்டை அளக்கும் கருவிகளும், அந்த உலையை ஓட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் அவள் பொறுப்பு. கண்ணாடி உலையை அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே உருகிக் கிடக்கும் நாற்பது டன் கண்ணாடியும் பாறையாக இறுகிவிடும். பிறகு உலையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் அம்மா விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. வெளியூருக்குப் போனால் மூன்று வேளையும் தொழிற்சாலைக்கு போன் போடுவாள். உலையில் வேலை பார்ப்பவரிடம், "ரிசீவரை அந்தப் பெட்டி மேல வைங்கண்ணா" என்பாள். பிறகு பேச மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்பாள். என் பட்டமளிப்பு விழாவில் என் பெயரைக் கூப்பிட்டபோது அவள் அரங்குக்கு வெளியே அப்படித்தான் போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கம்மாவோட இன்னொரு குடும்பம் பேசுது. தொந்தரவு பண்ணாதே" என்றார் அப்பா. நான் சிரிக்கவில்லை. அதற்காக அவளுடன் நாலு மாதம் சரியாகப் பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலை வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். வயது ஐம்பத்தேழு. சீப்பு கையிலேயே இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு தொழிற்சாலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"துக்க வீட்ல தொந்தரவு பண்றேன்மா. எனக்கு வேற வழி தெரியல. கம்ப்யூட்டர் நின்னுபோச்சு."

"சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க சார்."

"காலைலயே வந்தாரு. திறந்து பாத்தாரு. 'இதை யாரு செஞ்சாங்களோ அவங்களையே கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

செஞ்சது அம்மாதான்.

"உங்களுக்கும் இந்த போர்டு வேலைதானேம்மா" என்றார் பிறகு. உண்மைதான். வேறு ஊரில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

அப்பா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "இதைத் தொட்டா எனக்குத் திட்டு விழும். என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது." பிறகு செருப்பு மாட்டும்வரை என் கூடவே வந்தார். "உலைப் பக்கம் போகாதே. அந்தக் கம்ப்யூட்டரை கேட்டுக்குக் கொண்டுவரச் சொல்லு. கேட்லயே வச்சுப் பாரு." இருபத்தெட்டு வருடம் அம்மாவை அனுப்பிய மனிதர். அம்மாவிடம் அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

கட்டுப்பாட்டு அறை உலைக்கு மேலே, ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி ஜன்னலுடன் இருந்தது. சுவரில் சிவப்பு எண்கள்: ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. கீழே பெரிய வால்வுச் சக்கரங்களைப் பிடித்தபடி இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்தபடி உலைக்காரர். அம்மா போனில் 'அண்ணா' என்று கூப்பிட்டது அவரைத்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மாமா.

இந்த உலையில் இருபது நிமிடம் இடப்பக்கத்திலிருந்து தீ வரும், அடுத்த இருபது நிமிடம் வலப்பக்கத்திலிருந்து. மாற்றும்போது முதலில் கேஸை மூட வேண்டும். பிறகு காற்றுக் கதவைத் திருப்ப வேண்டும். அதன் பிறகே மறுபக்கத்தில் கேஸைத் திறக்க வேண்டும். வரிசை தப்பினால், எரியாத கேஸ் சூடான அறைக்குள் சேர்ந்து வெடிக்கும். ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு முறை இதைக் கம்ப்யூட்டர் செய்துவந்தது. அன்று காலை ஆறு மணியிலிருந்து மனிதக் கைகள் செய்துகொண்டிருந்தன.

மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கம்ப்யூட்டரின் உறுப்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன். நாற்பது வயதுக்காரர். எதைக் கொடுத்தாலும் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார் என்பதால் எல்லோரும் அவரைப் பளபளா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஃபேன் சுத்தவேயில்ல மேடம். ஒரே மணலும் தூசியும். எல்லாத்தையும் கழட்டி பெயிண்ட் தின்னர் போட்டுக் கழுவிட்டேன். பாருங்க, புதுப் பொண்ணு மாதிரி இருக்கு."

அவர் காட்டியது ஓர் அடாப்டர் கார்டு. உள்ளங்கை அகலம். கம்ப்யூட்டரின் தாய்ப் பலகையில் பழைய வகைப் பிராசஸர் செருகும் நீளமான பிளவு இருக்கும். அந்தப் பிளவில் இந்தக் கார்டு நிற்கும். கார்டின் முகத்தில் முந்நூற்றெழுபது துளைகள் கொண்ட சதுர இருக்கை. பிந்தைய காலத்துச் சதுரப் பிராசஸரை அதில் உட்கார வைக்கலாம். பழைய வீட்டுக் கதவில் புதுப் பூட்டு மாட்டக் கொடுக்கும் மரத்துண்டு போல. செய்த கம்பெனியின் பெயர் இல்லை. மாடல் எண் இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

கார்டின் ஓரத்தில் ஐந்து ஜோடி ஊசிகள். அவற்றுக்குப் பக்கத்தில், துணியின்மேல், மூன்று சின்னக் கறுப்புத் தொப்பிகள். ஜம்பர்கள்.

ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"இதெல்லாம் எந்த ஊசியில இருந்துச்சு?"

"அதா மேடம்? அதுமேல யாரோ சிவப்பு நெயில் பாலிஷை அப்பி வச்சிருந்தாங்க. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன்."

அம்மா நகத்துக்குச் சாயம் பூசியதே இல்லை. ஜம்பர்கள் அசையாமல் இருக்க, யாரும் அசைக்காமல் இருக்க, பூசியிருக்கிறாள். ஐந்து இடத்தில் எந்த மூன்று இடம் மூடியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிராசஸருக்கு எத்தனை வோல்ட் போக வேண்டும் என்று தாய்ப் பலகை முடிவு செய்யும். குறைந்தால் ஓடாது. மிகுந்தால் வெந்துபோகும்.

"பிராசஸர் எங்கே?"

பளபளா கொஞ்சம் தயங்கித் தந்தார். பச்சைச் சதுரத்தின் நடுவே நீலம் கலந்த சிலிக்கன் சில்லு மூடியில்லாமல் தெரியும் வகை. சில்லின் ஒரு மூலை உடைந்திருந்தது.

"திருப்பி மாட்டறப்ப லேசா டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான்" என்றார்.

"அவ்வளவேதான்" என்றேன். செத்துப்போயிருந்தது.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பஞ்சில் மூன்று பிராசஸர்கள். மூன்றுக்கும் முந்நூற்றெழுபது கால்கள். மூன்றும் அந்த இருக்கையில் அழகாக உட்காரும். உட்காருவதெல்லாம் ஓடாது. முதுகில் அகலமான உலோகத் தகடு உள்ளது முதல் தலைமுறை. அதற்கு இரண்டு வோல்ட் வேண்டும். முழு மூடி போட்டது மூன்றாம் தலைமுறை. அதன் கால்களின் வேலைப் பங்கீடே வேறு, இந்தக் கார்டில் அதற்கான சுற்று இல்லை. நடுத் தலைமுறை ஒன்றே ஒன்று, உடைந்ததைப் போலவே திறந்த சில்லு. அதன் மேல் பொடி எழுத்தில் ஒன்று புள்ளி ஆறு ஐந்து வோல்ட் என்று அச்சிட்டிருந்தது.

எனக்கு இருந்தது இந்த ஒரு பிராசஸர்தான்.

"மாத்து!" என்று கீழே குரல் கேட்டது. ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. காற்றுக் கதவு இடித்தது. பிறகு ஒரு மௌனம். பிறகு தீயின் உறுமல். அந்த மௌனத்தில் அறையில் யாரும் மூச்சு விடவில்லை.

"அண்ணே, நிதானமா யோசிங்க. தொப்பி மூணும் எப்படி இருந்துச்சு?" என்று பளபளாவைக் கேட்டேன்.

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு ஒட்டி ஒட்டி இருந்துச்சு. அப்புறம் ஒரு எடம் காலி. அப்புறம் ஒண்ணு. பஸ்ல குடும்பத்தோட வந்தவங்க பக்கத்துல ஒரு சீட்டு விட்டு வேத்தாள் உக்காருவாரே, அந்த மாதிரி."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"பக்கமெல்லாம் பாக்கலையே மேடம்."

"நாசமாப் போச்சு. துடைக்கறப்ப மட்டும் எல்லாப் பக்கமும் பாப்பியே" என்றார் மேனேஜர்.

வோல்டேஜ் அட்டவணை போனில் கிடைத்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரி மூன்று தொப்பியை ஐந்து இடத்தில் வைக்க நான்கு வழி. ஒரு வழியில் ஒன்று புள்ளி எட்டு. ஒரு வழியில் ஒன்று புள்ளி ஆறு. மற்ற இரண்டில் மூன்று புள்ளி ஒன்றும், மூன்று புள்ளி மூன்றும். அந்த இரண்டில் எதை வைத்தாலும், திரையில் ஓர் எழுத்து வருவதற்குள் பிராசஸர் கரிந்துவிடும். கார்டில் ஊசிகளுக்குப் பக்கத்தில் எண்கள் இருந்திருக்கும். தின்னரோடு அவையும் போய்விட்டன.

மல்டிமீட்டரை எடுத்தேன். கார்டின் அடி விளிம்பில் உள்ள தங்கப் பட்டைகளில் எது எந்த ஊசியோடு சேர்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பட்டைகள் நூல் அகலம். இந்த வேலையை நான் தினமும் செய்கிறேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்ததில்லை.

மீண்டும் "மாத்து!" என்றது குரல். சக்கரம். கதவு. மௌனம். இந்த முறை மௌனம் நீண்டது. பிறகு பொத்தென்று ஓர் அடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து மேசைமேல் இருந்த தொப்பிகள் குதித்தன. மேனேஜர் நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது.

உலைக்கார மாமா மேலே ஏறி வந்தார். ஒரு புருவம் பொசுங்கியிருந்தது.

"ஒரு செகண்டு லேட்டாயிடுச்சு. கை வழுக்குது அவனுங்களுக்கு. காலைலேர்ந்து நிக்கறானுங்க. பாப்பா, இன்னும் ஒரு தடவை மாத்துவேன். அதுக்கு மேல அவனுங்க கையை நம்ப மாட்டேன். கேஸை மூடிடுவேன்."

"மூடினா உலை போயிடும்யா!" என்றார் மேனேஜர்.

"போனா போகுது சார். உலைக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல."

நாற்பது நிமிடம்.

பதினைந்து நிமிடத்தில் பட்டைகளைக் கண்டுபிடித்தேன். வரிசையின் ஆரம்பம் எந்த முனை என்று தெரிந்தது. மூன்று வோல்ட் வழிகள் இரண்டும் கழிந்தன. மிச்சம் ஒன்று புள்ளி ஆறும், ஒன்று புள்ளி எட்டும்.

அச்சிட்டது ஒன்று புள்ளி ஆறு ஐந்து. அம்மா எப்படிப்பட்டவள்? உப்புப் போடும்போதுகூட ஒரு சிட்டிகை குறைத்துப் போட்டு ருசி பார்ப்பவள். குறைவானதைத்தான் வைத்திருப்பாள். ஒன்று புள்ளி ஆறுக்குத் தொப்பிகளை வைத்தேன். பிராசஸரை உட்காரவைத்து, சூட்டை உறிஞ்சும் ஹீட் சிங்கை அதன்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தி, கார்டைச் செருகி, ஸ்விட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

பத்து எண்ணினேன். இருபது. அணைத்தேன். பிராசஸர்மேல் இருந்த ஹீட் சிங்கைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"செத்துருச்சா?" என்றார் மேனேஜர்.

கீழே "மாத்து!" என்றார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கைகளுக்குள் என் நாடி மட்டும் கேட்டது. பளபளா என் தோளைத் தொட்டார். "மாத்தியாச்சு மேடம். ஒண்ணும் ஆகல."

கடைசி இருபது நிமிடம்.

ஜில்லென்று இருந்தது. அதை இரண்டாவது முறை யோசித்தேன். வெந்து செத்திருந்தால் சுட்டிருக்கும். இதற்குள் மின்சாரமே போகவில்லை. தாய்ப் பலகையில் பிராசஸருக்கு மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும் சில்லைத் தேடி, பளபளாவிடம் லென்ஸ் வாங்கி, அதன் எண்ணைப் படித்தேன். போனில் அதன் விவரத்தாள் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் இருந்தது: அது கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு ஒன்று புள்ளி எட்டு வோல்ட். அதற்குக் கீழே கேட்டால் எதுவும் கொடுக்காது.

பலகை அந்தப் பிராசஸரை விடப் பழையது. அவ்வளவு இறக்கிக் கொடுக்க அதற்குத் தெரியாது. அம்மாவுக்கு வேறு வழி இருந்திருக்கவில்லை. எழுதியிருப்பதற்கு மேல் கொடுத்து ஓட்டியிருக்கிறாள்.

"மாமா, இதை அம்மா எப்ப மாட்டினாங்க?"

மறுபடி மேலே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உலைக்காரர் வாயைத் துடைத்தார். "பதினோரு வருஷம் இருக்கும். ஒரிஜினல் போயிடுச்சு. செஞ்ச கம்பெனியையே இழுத்து மூடிட்டான். அப்ப இருந்த மேனேஜர் சாயங்காலத்துக்குள்ள ஓட்டணும்னாரு. உங்கம்மா பழைய சாமான் விக்கிற தெருவுக்குப் போய் எதையோ வாங்கிட்டு வந்தாங்க. எவ்வளவு நாள் ஓடும்னு கேட்டேன். ஒரு மாசம்னாங்க. மேலே எழுதியும் போட்டாங்க, புதுசு வேணும்னு. மூணு தடவை. 'ஓடுதுல்ல, அப்புறம் என்ன'ன்னு திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் எழுதல. உள்ள என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்கன்னா வேலை போயிடும்னு பயம்."

தேதி போட்டுப் பார்த்தேன். பதினோரு வருடத்துக்கு முன் எனக்குப் பதினெட்டு. அதற்கு முந்தைய அம்மா ஸ்கூட்டர் ஓட்டினாள். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு, காற்றில் கத்திக்கொண்டே இறங்குவாள். அந்த ஸ்கூட்டரை எப்போது விற்றோம் என்று எனக்கு நினைவிருந்தது. ஏன் விற்றோம் என்று நான் கேட்கவில்லை.

அவள் சுபாவம் என்று நாங்கள் சொன்னது சுபாவமில்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நொடியும், அந்தச் சில்லு தாங்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் நின்றால் முடிந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும். கீழே வால்வுக்குப் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவள் பேருந்தில் ஏறினாள், சமைத்தாள், என் பட்டமளிப்புக்கு வந்தாள். இந்த ஒன்பது நாளாகப் போன் போட்டு ஃபேனைக் கேட்க யாரும் இல்லை.

தொப்பிகளை மாற்றினேன். முதல் இரண்டு இடம் மூடி. ஒன்று காலி. ஒன்று மூடி. கடைசி காலி. மீட்டரை வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். அவசரத்திலும் மூன்றாவது முறை பார்த்தேன்.

ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். இது தப்பென்றால் இன்னொரு பிராசஸர் கிடையாது. கீழே உலைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். பளபளா எங்கோ திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன்.

திரையின் மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. பிறகு எழுத்துகள். பிறகு இடம் வலம் என்று இரண்டு கட்டங்கள், சூட்டு எண்கள். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு. மேனேஜர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. ஹீட் சிங்க் மேல் விரலை வைத்திருந்தேன். வெதுவெதுப்பானது. சூடானது. சுடும் அளவுக்கு வந்து, அங்கேயே நின்றது.

"கையை எடுங்கடா!" என்று கீழே உலைக்காரர் கத்தினார். இருவரும் சக்கரங்களை விட்டுப் பின்வாங்கினார்கள். கேஸ் தானாக மூடியது. கதவு தானாகத் திரும்பியது. மௌனம். தீ மறுபக்கம் வந்தது. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் விரல்களை விரிக்க முடியாமல் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா" என்றார் மேனேஜர். பெட்டியின் மூடியை எடுத்து மூடப் போனார்.

"மூடாதீங்க சார். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

சொன்னேன். கார்டு எங்கிருந்து வந்தது, பிராசஸருக்கு எவ்வளவு போகிறது, எவ்வளவுதான் போக வேண்டும், மாற்று இனி ஒன்றும் இல்லை என்பது வரை. அவர் முகத்திலிருந்து அப்பாடா மெல்ல இறங்கியது.

"எத்தனை நாள் ஓடும்?"

"தெரியாது. பத்து வருஷம் ஓடலாம். நாளைக்கு நிக்கலாம்."

"ஓடுதுல்லம்மா இப்ப." குரலைத் தணித்தார். "மேலே சொன்னா உங்கம்மா பேருதான் அடிபடும். அனுமதியில்லாம பழைய சாமானை மாட்டினாங்கன்னு எழுதுவாங்க. போனவங்க பேரை எதுக்கு? உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

ஒரு கணம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் பெயர் சுத்தமாக இருக்கும். நான் ஊருக்குத் திரும்பிவிடலாம். என்றாவது ஒருநாள் போன் வரும். வரும்வரை தினமும் அதற்காகக் காத்திருப்பேன்.

ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு உலைக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பேரையே சொல்லுங்க சார். மூணு தடவை எழுதிக் கேட்டாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க. நான் எழுத்துல தர்றேன்."

ஒரு தாளில் எழுதினேன். கார்டின் வரைபடம், ஜம்பர் வைத்த இடங்கள், எது முதல் முனை, எந்தப் பிராசஸர் சேரும், எது சேராது, ஒன்று புள்ளி எட்டு, ஏன். கீழே தேதி போட்டேன். இரண்டு பிரதி. ஒன்றைப் பெட்டிக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி பளபளாவை ஒட்டச் சொன்னேன். மற்றதை மேனேஜர் கையில் கொடுத்தேன். அவர் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். ஜன்னல் வழியாக உலையைப் பார்த்தார். அதை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இப்ப நான் என்னம்மா பண்ணணும்?"

"பயப்படுங்க சார்" என்றேன். "பயந்துகிட்டே தலைமை ஆபீசுக்குப் போனைப் போடுங்க."

அவர் போனை எடுத்தார். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. யாரோ எடுத்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு என் அம்மாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.